பனியில் சோறு என்றால் வலது

நான் அமெரிக்காவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் இரண்டு அறை கொண்ட ஒரு அபார்ட்மெண்ட். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குளிக்கப் போனவள், தொட்டிக்குள் ஆளுயரத்துக்கு இரண்டு பலகைகள் கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றேன். நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. நடுவில் இரும்புக் கொக்கி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"ஸ்கீ" என்றார் என் கணவர், சோபாவில் சாய்ந்தபடி. "கார்பெட்ல வச்சா ஈரமாயிரும்லா, அதான் அங்க போட்டேன். நாளைக்குத் திருப்பிக் குடுத்துருவேன்."

அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கண்ணைச் சுற்றி மட்டும் பழைய நிறம் இருந்தது, மற்ற இடமெல்லாம் வெந்து கறுத்திருந்தது. இடது முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் எஞ்சினியர். அன்று அதிகாலையில் ஆபீஸ்காரர்கள் நான்கு பேர், பனியில் சறுக்கி விளையாட, தாஹோ ஏரிப் பக்கத்து மலைக்கு அவரையும் காரில் ஏற்றிப் போயிருந்தார்கள். பதினேழு தடவை விழுந்தாராம். எண்ணி வைத்திருந்தார்.

"விழுறதுக்கா நாலு மணி நேரம் கார்ல போனீங்க?"

"நாளைக்கும் போகணும்போல இருக்கு" என்றார்.

அவர் தூத்துக்குடிக்காரர். நான் கோவில்பட்டி. எங்கள் இருவர் குடும்பத்திலும் யாரும் பனியைத் தொட்டதில்லை. ஊரில் இருந்தவரை அவர் கிரிக்கெட்கூட ஆடியதில்லை என்று என் மாமியார் சொல்லியிருந்தார். இப்படி ஒரு மனிதருக்கு முப்பத்திரண்டு வயதில் இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எரிச்சலும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆச்சரியம்தான் அதிகம். அந்த வருடங்களில் எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்ததால், யோசிக்க நேரம் நிறைய இருந்தது. யோசித்ததில் பாதி இந்த விஷயத்தைப் பற்றித்தான்.

அடுத்த குளிர்காலத்துக்குள் அவர் சொந்தமாகப் பலகை வாங்கிவிட்டார். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, மாதத்துக்கு மூன்று சனிக்கிழமை மலைதான். விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். ஃபிளாஸ்கில் காப்பி, டப்பாவில் தயிர்சாதம், டிக்கியில் பனியில் வழுக்காமல் டயருக்குப் போடும் சங்கிலி. மகள் பிறந்த பிறகு அவளையும் என்னையும் சேர்த்துக் கூட்டிப் போனார். நான் மலையடிவாரத்து லாட்ஜில் பெரிய கண்ணாடி ஜன்னலோரம் குழந்தையோடு உட்கார்ந்திருப்பேன். வெளியே சரிவில் நூறு பேர் எறும்பு மாதிரி இறங்குவார்கள். அதில் அவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் பொழுதுபோக்கு. நீலத் தொப்பி. வளையும்போது வலது தோளைக் கொஞ்சம் தூக்குவார், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக மாட்டார். அன்று சாயங்காலம் ஃப்ரீமாண்டில் ஒரு அமெரிக்கச் சர்ச்சின் பின்னால் இருந்த ஹாலில் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும். முப்பது நாற்பது குடும்பங்கள் வரும். அவர்தான் முதலில் போய்க் கதவைத் திறப்பார், நாற்காலி போடுவார், எல்லோரும் போன பிறகு நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுத் தரையைக் கூட்டுவார். புதிதாக வருகிறவர்களை ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டி வருவது, டிரைவிங் டெஸ்டுக்குக் கார் கொடுப்பது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணை இருப்பது, எல்லாவற்றுக்கும் அவர் நம்பர்தான் எல்லார் கையிலும் இருந்தது. இந்த இரண்டு ஆட்களும் எப்படி ஒரே ஆள் என்று எனக்குப் புரியவில்லை. ஒருத்தர் யாருமில்லாத சரிவில் தனியாக இறங்க ஆசைப்படுகிறார். இன்னொருத்தர் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்க விரும்பாதவர்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அந்த மலையில அப்படி என்னதான் இருக்கு?"

ஹாலில் எங்களோடு நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த ஒருவர் முந்திக்கொண்டார். "இது தெரியாதா சிஸ்டர்? தூத்துக்குடில உப்பளம் பாத்து வளந்தவரு. வெள்ளையாக் கண்டா மனசு இழுக்குது."

"உப்பு மேல எவனாவது சறுக்கிட்டுப் போவானா பிரதர்?" என்றார் என் கணவர். "உப்பளம்னாலே எனக்குக் கண்ணு கூசுறதுதான் ஞாபகம் வருது. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்ப என்னதான்?"

"தெரியலையே" என்றார். உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

இதையெல்லாம் கேலி செய்வதில் முதல் ஆள், எங்கள் கட்டிடத்துக்கு அடுத்த கட்டிடத்தில் குடியிருந்த ஒரு நண்பர். பாளையங்கோட்டைக்காரர், சாஃப்ட்வேர் எஞ்சினியர், என் கணவரைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஊர் வழக்கப்படி 'வே' போட்டுத்தான் பேசுவார்கள்.

"லீவு நாள்ல எலும்ப ஒடிக்கதுக்கு அலாரம் வச்சு எந்திக்கிற ஒரே ஆளு நீருதான் வே" என்பார் அண்ணன்.

"ஒருநாள் வந்து பாரும், அப்புறம் பேசும்."

"நான் டிவில பாத்துக்கிடுதேன். அதுல குளிராது."

அண்ணனுக்குப் பார்வையில் ஏதோ கோளாறு என்று முதலில் கவனித்தவர் என் கணவர்தான். ஹாலில் கீழே கிடந்த நாற்காலியில் அண்ணன் இரண்டு வாரம் தொடர்ந்து இடித்துக்கொண்டார். யாராவது பக்கத்திலிருந்து கை நீட்டினால் கவனிக்காமல் போனார். "நேரா பாக்கிறது தெரியுது, சைடுல ஒண்ணும் தெரியல போல" என்று என் கணவர் என்னிடம் சொன்னார். பிறகு ஒருநாள் அண்ணன் காரைத் திருப்பும்போது, ஒரு வீட்டுத் தபால் பெட்டியை அடியோடு சாய்த்துவிட்டார். அப்போதுதான் டாக்டரிடம் போனார்கள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிற நோய். மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கி இருட்டிக்கொண்டே வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வருடத்தில் முக்கால்வாசி போய்விட்டது. மூன்றாவது வருடம் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது. கம்பெனியில் பேசும் கம்ப்யூட்டர் தருகிறோம் என்றார்கள். அண்ணன் வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதும் நின்றது. எல்லோரும் வந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுகிறார்கள், அது பிடிக்கவில்லை என்று அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

என் கணவர் தினமும் வேலை முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார்.

"என்ன பேசுனீங்க?" என்று கேட்பேன்.

"ஒண்ணும் பேசல. அவரு டிவியக் கேட்டுக்கிட்டிருந்தாரு. நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பல மாதம் இப்படியே போனது.

அதற்கடுத்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே லாட்ஜுக்குள் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மேஜையில் கையூன்றி, மூச்சு வாங்க, "இப்ப ஒண்ணு பாத்தேன்" என்றார். ஆரஞ்சு நிற மேலாடை போட்ட ஒரு பெண்மணி சரிவில் இறங்கிப் போயிருக்கிறார். முதுகில் பார்வையற்றவர் என்று பெரிதாக எழுதியிருந்ததாம். பின்னாலேயே இன்னொரு ஆரஞ்சு மேலாடை, குரல் கொடுத்துக்கொண்டே. இவர் தன் வழியை விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே அடிவாரம் வரை போயிருக்கிறார். நிறுத்திப் பேசியும் இருக்கிறார். இதற்கென்றே தொண்டர்கள் இருக்கிறார்கள், இரண்டு சனிக்கிழமை பயிற்சி தருவார்கள் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது" என்றேன். "அண்ணன் வரமாட்டாரு. கண்ணு நல்லா இருந்தப்பவே வராதவரு."

"வரச் சொல்லப் போறதில்ல" என்றார்.

அந்தப் பயிற்சிக்குப் போய்வந்தார். பிறகு வீட்டில் பழக ஆரம்பித்தார். வழிகாட்டுகிறவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டுமாம். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் என் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு அவர் நிற்க, நான் பின்னால் இருந்து சொல்ல வேண்டும். ஐந்து வயது மகள் குப்பைத் தொட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெஃப்ட்… லெஃப்ட்… ஐயோ இல்ல, ரைட்!"

"Mommy, that's his other left!" என்று கத்தினாள் மகள். அதற்குள் அவர் யாரோ ஒருவருடைய டொயோட்டாவில் முட்டியை இடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே அண்ணன் வீட்டுக்குப் போனபோது, நானும் சாம்பார் கொடுக்கக் கூடவே போயிருந்தேன். அதனால் அந்தப் பேச்சை நேரில் கேட்டேன்.

"எனக்கு ஒரு சந்தேகம் வே" என்றார் என் கணவர். "பின்னாலருந்து குரல் குடுத்து ஒரு ஆளை ஓட்டணும். லெஃப்ட், ரைட்னு சொன்னா லேட்டாகுது. மூளைக்குப் போயி, திரும்பிக் காலுக்கு வரதுக்குள்ள ஆளு இடிச்சிருதான். என்ன செய்யலாம்?"

அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது.

"எந்த ஸ்பீடுல?"

"மொதல்ல மெதுவாத்தான். சைக்கிள் மாதிரி வச்சுக்கிடும்."

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "ரைட்டுங்கிற வார்த்தையே தப்பு வே. நம்மூரு பஸ்ல கண்டக்டர் ரைட்னா என்ன அர்த்தம்? போலாம்னு அர்த்தம். நம்ம ஆளு ரைட்னு கேட்டா நேராப் போவான், திரும்ப மாட்டான்."

"அது சரி. அப்ப வலது, இடது?"

"ரெண்டும் 'து'ல முடியுது. காத்துல பாதிதான் கேக்கும். ரெண்டு வார்த்தையும் சுத்தமா வேற வேற மாதிரி இருக்கணும். யோசிக்கவே வேண்டாதபடி இருக்கணும். கைய அசைச்சுக் காட்டுத மாதிரி." வலது கையைத் தூக்கி விரல்களைக் குவித்தார். "இது சோத்துக்கை. இத 'சோறு'ன்னு வையும்." இடது மணிக்கட்டைத் தட்டினார். "இது வாட்ச் கட்டுற கை. 'வாட்ச்'."

"நிக்கச் சொல்லணும்னா?"

"கண்டக்டர்தான் இருக்காரே. 'ஓல்டேன்!'"

சமையலறையில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து தினமும் அந்த அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அண்ணனுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது மாதிரி இருந்தது. ஒரு நாள் இரண்டு பேரும் பார்க்கிங்குக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் முன்னால் வேகமாக நடக்க, இவர் பின்னால் "சோறு… சோறு… வாட்ச்…" என்று கூவிக்கொண்டு போனார். அண்ணனே விதிகளும் போட்டார். அதில் ஒன்று, பின்னால் வருகிற சத்தம் நின்றுபோனால் மூன்று எண்ணிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும் என்பது. "சத்தம் இல்லன்னா என்னமோ ஆயிட்டுன்னு அர்த்தம். நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கக்கூடாதுல்லா."

இப்படி மூன்று வாரம். பிறகு ஒருநாள் அண்ணனே சொன்னார். "பேப்பர்ல எழுதுன ப்ரோகிராம் மாதிரி இருக்கு வே இது. ஒருதடவ ஓட்டிப் பாக்காம சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. என் கணவர் மீதுதான். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று கேட்டாள்.

"தம்பி, உங்களுக்கு ஸ்கீயிங் பிடிக்கும்னா நீங்க போங்க. அவர எதுக்கு இழுக்கீங்க? விழுந்து கையோ காலோ போனா நான் டியூட்டிக்குப் போவேனா, அவரப் பாப்பேனா?"

"நான் கூப்பிடலக்கா" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

"கூப்பிடாமலே கூப்பிட்டுட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

அக்கா சொன்னது உண்மைதான். போகத் திரும்பியவள், "நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எங்கள் காரில் ஐந்து பேரும் கிளம்பினோம். அக்கா வழியெல்லாம் பேசவில்லை. முதலுதவிப் பை ஒன்றை மடியில் வைத்திருந்தாள். மலையில் வெயில் அடித்தது. அந்தத் தொண்டர் அமைப்பைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், நடுவயது அமெரிக்கப் பெண், கூட வந்தார். முதலில் குழந்தைகள் பழகும் சரிவில், நீளமான ஒரு மூங்கில் கழியை இருபக்கமும் பிடித்துக்கொண்டு அண்ணனும் என் கணவரும் இறங்கினார்கள். அண்ணன் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். ஆறாவது தடவை கழி இல்லாமல், குரலை மட்டும் நம்பி இறங்கினார்.

"சோறு… சோறு… சோறூ… வாட்ச்!"

மேலே ஏற்றிப் போகும் தொங்கு நாற்காலி லிஃப்டுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் என்னிடம் வந்து, அது என்ன மொழி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். சோறு என்றால் சாதம் என்றேன். "அப்படியென்றால் அவருக்குப் பசிக்கிறதா?" என்று கேட்டார் அவர். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, லிஃப்டில் கொஞ்சம் உயரப் போய் நீளமான சரிவில் ஒருமுறை இறங்குவது என்று முடிவு செய்தார்கள். டீச்சர் வேறு ஒருவருக்கு வழிகாட்டப் போய்விட்டார். அடிவாரத்தில் நானும் அக்காவும் மகளும் நின்றோம். வளைவில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தன. இறங்கிக்கொண்டே வந்தன. நான் நீலத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அது காணாமல் போனது. முன்னால் வந்த ஆரஞ்சுப் புள்ளி கொஞ்ச தூரம் வந்து, தானும் உட்கார்ந்துவிட்டது.

மேலே நடந்ததை அவர்கள் இருவரும் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

நிழல் விழுந்த ஓரிடத்தில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அண்ணன் அதைத் தாண்டிவிட்டார். அவரையே பார்த்துக்கொண்டு வந்த என் கணவர் தன் காலுக்குக் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை. ஒரு பலகை வழுக்க, இன்னொன்று மாட்டிக்கொள்ள, வலது கால் முழங்காலுக்குக் கீழே முறுக்கிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்பார். வலியில் ஒரு நொடி வாய் திறக்க முடியவில்லை.

அண்ணன் மூன்று எண்ணினார். உட்கார்ந்தார்.

"வேய்! என்ன ஆச்சு?"

"கால் போயிட்டு" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அண்ணன் பலகைகளைத் தட்டுத் தடுமாறிக் கழற்றினார். அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை ஊன்றி மேட்டில் ஏறத் தொடங்கினார். "பேசிக்கிட்டே இரும். நான் வாரேன்."

"சோறு" என்றார் என் கணவர். அண்ணன் வலது பக்கமாக நகர்ந்தார். குரல் தள்ளிப் போனது. "சோறு வே, சோறு!" இன்னும் வலது பக்கம் போனார். இன்னும் தள்ளிப் போனது. அண்ணன் நின்றார்.

"யாரு சோறு? என் சோறா, உம்ம சோறா?"

அதுவரை இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் போய்த்தான் பழகியிருந்தார்கள். இப்போது எதிரும் புதிருமாக இருந்தார்கள். முறிந்த காலோடு கிடந்த என் கணவர் சிரித்துவிட்டாராம். சிரித்ததில் வலி கூடிக் கத்தியும் விட்டாராம். "உம்ம வாட்ச்! உம்ம வாட்ச் பக்கம் வாரும்!"

அண்ணன் வந்து சேர்ந்து, கையால் தடவி அவர் தோளைப் பிடித்தார். பிறகு இவர் சொல்லச் சொல்ல, தன் பலகைகள் இரண்டையும் பெருக்கல் குறி மாதிரி மேட்டுப்பக்கத்துப் பனியில் குத்தி நிறுத்தினார். ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்பதற்கு மலையில் அதுதான் அடையாளம். மேலேயிருந்து வருகிறவர்கள் மோதாமல் விலகிப் போவார்கள். தன் மேல்கோட்டைக் கழற்றி இவர் மேல் போட்டார். ஆள் வரும்வரை கையை விடவில்லை. என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இருவருமே "சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்றுதான் சொன்னார்கள்.

அடிபட்டவர்களை மீட்கும் ஸ்கீ பேட்ரோல்காரர்கள் அவரைச் சறுக்கு வண்டியில் கட்டிக் கீழே கொண்டுவந்தார்கள். அண்ணன் இன்னொருவர் கையைப் பிடித்து நடந்தே இறங்கி வந்தார். கோட்டு இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, அவரை விட்டுவிட்டு என் கணவரிடம் போனாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கட்டுப் போட்டிருந்த காலின் விரல்களை அழுத்திப் பார்த்தாள். "ரத்த ஓட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தக் குளிரில் பனிமேல் உட்கார்ந்து அழுதாள்.

ஆபரேஷன் பண்ணி உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் வலது காலை ஊன்றக்கூடாது. எனக்கு அப்போதுதான் வொர்க் பெர்மிட் வந்து ஒரு டேகேரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை யாரோ ஒரு பிரதர் வந்து மகளை ஸ்கூலுக்குக் கூட்டிப் போனார். மதியம் வேறொருவர் மீன்குழம்போடு வந்தார். சாயங்காலம் இன்னொருவர் மருந்துக் கடைக்குப் போய்வந்தார். யார் இதையெல்லாம் ஏற்பாடு செய்வது என்று கேட்டபோது, "பாளையங்கோட்டை பிரதர்தான் போன் பண்ணாரு" என்றார்கள் எல்லோரும்.

போய்ப் பார்த்தேன். அண்ணன் சோபாவில் டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. ஆராதனைக்கு வரும் நாற்பது குடும்பத்தின் நம்பரும் அவருக்கு மனப்பாடம். யாருக்கு எந்தக் கிழமை ஓய்வு, யார் வீடு எந்த ஃப்ரீவே பக்கம், யாரிடம் வேன் இருக்கிறது, எல்லாம் தலைக்குள்.

"தங்கச்சி, வியாழக்கிழமை டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு ஆளு போட்டுட்டேன். சனிக்கிழமைக்கு மட்டும் இன்னும் ரெண்டு பேருட்ட கேக்கணும்."

அவர் திரும்ப ஆராதனைக்கு வரத் தொடங்கினார். தலையில் கை வைக்க வருகிறவர்களிடம், "ஜெபம் அப்புறம் பண்ணலாம் பிரதர், வர்ற சனிக்கிழமை நீங்க ஃப்ரீயா?" என்று கேட்டுவிடுவார். என் கணவர் எழுந்து நடமாடிய பிறகும் அந்த வேலை அவரிடமே இருந்தது. எல்லாருக்கும் அண்ணன் நம்பர்தான் பாடமானது.

அடுத்த குளிர்காலத்தில் என் கணவர் மலைக்குப் போக டாக்டர் அனுமதிக்கவில்லை. அண்ணன் போனார். அந்த டீச்சர்தான் வழிகாட்டினார். அண்ணன் வேறு எந்த வார்த்தைக்கும் திரும்பமாட்டேன் என்றதால், அவரும் பழகிக்கொண்டார். அவர் வாயில் அது 'சோரு' என்று வரும். அக்கா இரண்டு தடவை கூடப் போனாள். பிறகு, டியூட்டி இருக்கிறது என்று போவதில்லை. "எனக்கு இன்னும் பயந்தான்" என்று என்னிடம் சொன்னாள். "அதனால போகாம இருன்னு சொல்ல முடியுமா?"

இரண்டாயிரத்து ஒன்றில் எங்கள் பக்கம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கின. என் கணவரின் பிரிவையே மூடிவிட்டார்கள். ஏழு வாரம் தேடிய பிறகு ஹூஸ்டனில் ஒரு எனர்ஜி கம்பெனியில் வேலை கிடைத்தது. ஜூலையில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டுக்கு மாறினோம். அங்கே மலை என்ன, ஒரு மேடுகூடக் கிடையாது. ஃப்ரீவே மேம்பாலம்தான் உயரமான இடம். ஈரக்காற்றில் அவருக்கு வலது கால் வலிக்கும். இனி அந்தப் பைத்தியம் தெளிந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன்.

அங்கும் ஒரு தமிழ்ச் சபை இருந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே நாற்காலி போடப் போய்விட்டார். டிசம்பரில் இரண்டு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு நியூ மெக்ஸிகோ மலைக்கு வேனில் போகலாம் என்று வந்து நின்றார். செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்திருந்ததால், அந்த மாதங்களில் விமானத்தில் ஏற எல்லோருக்கும் தயக்கம். "அதான் ரோட்டுலயே போயிருவோம்" என்றார், பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. நடுவில் ஓரிடத்தில் தங்கி, ஒன்றரை நாள் ஓட்டினார். கரூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மதுரைக் குடும்பம் ஒன்று. இரண்டு குடும்பமும் பனியைப் பார்த்தது கிடையாது.

இரண்டாம் நாள் மதியம் சாலை மேலேறத் தொடங்கியது. ஒரு திருப்பத்தில், பைன் மரங்களுக்கு அடியில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அவர் ஓரமாக நிறுத்தினார். எல்லோரும் இறங்கி ஓடினார்கள். பெரியவர்கள்தான் முதலில்.

நான் வேனிலேயே இருந்தேன். அவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மலை அவருக்குப் பின்னால் இருந்தது. ஒருமுறைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதுரைக்காரர் குனிந்து ஒரு விரலால் மட்டும் தொடுவதையும், கரூர்ப் பெண் கை நிறைய அள்ளித் தன் கணவர் சட்டைக்குள் போடுவதையும், அந்த மனிதர் துள்ளுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். "என்னண்ணே, ருசியே இல்ல!"

"மேல போனா ருசி வரும்" என்றார் இவர். "ஏறுங்க, ஏறுங்க. இன்னும் நாப்பது மைல் இருக்கு."